ஐந்தாண்டுத் திட்டத்தின் பின்னிணைப்பு

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். நான் சேர்ந்த காலத்தில் எங்களுடையது வெறும் எம்.பி.ஏ. டிபார்ட்மென்ட். பிறகு போர்டை மாற்றி பிசினஸ் ஸ்கூல் ஆக்கினார்கள். போர்டு மாறினால் திட்டம் வேண்டுமாம். அடுத்த ஐந்து வருடத்தில் எங்கே போய்ச் சேரப்போகிறோம், என்னென்ன இலக்கு, எதற்கு யார் பொறுப்பு என்று வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகம். தரம் பார்க்க வெளியூரிலிருந்து வருகிற குழு உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்கும். அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இன்றைக்கும் யாராவது அந்தப் புத்தகத்தை மேஜைமேல் எடுத்து வைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எழுதச் சொன்னவர் எங்கள் டைரக்டர். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனாலும் எனக்கு அவர் அக்கா. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பல்லடத்திலிருந்து ஒரே பிரைவேட் பஸ்ஸில், பாட்டுச் சத்தத்துக்கு மேல் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசிக்கொண்டு வருடக்கணக்காகப் போய்வந்திருக்கிறோம். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரைவிட அதிகமாகப் பதறியவர் அவர்தான். டைரக்டர் பதவியும் அதோடு காரும் வந்த பிறகும், காலையில் ஜங்ஷனில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொள்ளாமல் போனதில்லை. அந்தக் காரில் வைத்துத்தான் கேட்டார்.

"இந்தப் பிளானை நீதான் எழுதோணும் கண்ணு. வெளிய குடுத்தா எந்த ஊரு காலேஜுக்கோ எழுதுனதைப் பேர மாத்திக் குடுத்துருவாங்க. உனக்குத்தான் இங்கத்த கம்பெனியெல்லாம் தெரியும்."

"எழுதறேனுங்கக்கா. ஆனா நம்ம ஞாயித்துக்கிழமை கிளாஸ் அதுல வரோணும். ரெண்டு வருச டிப்ளமோவா வரோணும்."

"அதில்லாம ஒரு பிளானா? மொத இலக்கே அதுதான், போதுமா?" என்று ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் தொடையில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்கியது. பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசராக, செக்கிங்கில், கட்டிங்கில் இருப்பவர்கள் வருவார்கள். பெரும்பாலும் பிளஸ் டூ வரை படித்தவர்கள். ஓர் ஆர்டரை எத்தனை நாளில் முடிப்பது, எந்த லைனில் எத்தனை ஆளைப் போடுவது, ஆட்கள் ஏன் நிற்காமல் ஓடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் தமிழில் நடத்துவோம். நடத்துவோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். புத்தகத்திலிருந்து கார் தொழிற்சாலை உதாரணம் ஒன்றை நான் எடுத்து விட்டால், "ஆர்டர் குடுத்த பையர் பாதியில கலரை மாத்திட்டா என்ன பண்றதுங்க டீச்சர்?" என்று ஒரு கேள்வியில் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். வார நாட்களில் எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடத்தில் உருப்படியான பாதி இவர்களிடம் கற்றது.

ஆனால் கொடுத்தது ஒரு வருடச் சான்றிதழ்தான். கம்பெனிகளில் அதை வாங்கிப் பார்த்து, நல்லது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். டிப்ளமோ என்றால் மதிப்பு வேறு.

அந்த மதிப்புக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒருத்தி உண்டு. சிவகங்கைப் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு செக்கிங் வேலைக்கு வந்தவள், எங்கள் வகுப்புக்கு வந்தபோது நாற்பது மெஷின் ஓடுகிற ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். அவள் முதலாளி புதிதாக ஒரு யூனிட் கட்டிக்கொண்டிருந்தார். அதில் எல்லா லைனையும் பார்த்துக்கொள்ள ஒரு ஃப்ளோர் இன்சார்ஜ் வேண்டும். இதுவரை அந்தக் கம்பெனியில் பெண் யாரும் இன்சார்ஜ் ஆனதில்லை. இவள் நேராகவே போய்க் கேட்டிருக்கிறாள். சான்றிதழைப் பார்த்த முதலாளி, "இது பத்தாதும்மா. டிப்ளமோ சேர்ந்துட்டேன்னு ஒரு லெட்டராவது கொண்டா, பாக்கலாம்" என்றிருக்கிறார். முடிக்கக்கூட வேண்டாம், சேர்ந்தால் போதும். யூனிட் திறப்பதற்குள் நாங்கள் டிப்ளமோவை ஆரம்பித்துவிட்டால் அவளுக்கு அந்த வேலை. சான்றிதழ் வாங்கிய பிறகும் வகுப்புக்கு வருவதை அவள் விடவில்லை; ஒவ்வொரு வாரமும் முடிந்ததும் நின்று கேட்பாள்: "எந்த மட்டுல இருக்கு டீச்சர்?"

திட்டம் எழுதுவதற்கு முன்னால் தொழில்துறையினரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது விதி. முதலாளிகளைக் கூப்பிட்டால் இரண்டு பேர் வந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். நான் சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷிப்மென்ட் நெருக்கடியில் பாதிப் பேருக்கு அரை ஷிப்ட் வேலை இருந்தும், முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பஞ்சுத் தூசி தலையில் ஒட்டியிருக்க அப்படியே வந்தவர்களும் உண்டு. அக்கா போனில் சொல்லியிருந்தார்: "கூட்டத்துல பேசுனதை மினிட்ஸா அப்பறம் டைப் பண்ணி மேல ஏத்திக்கலாம் கண்ணு. கையெழுத்தை மட்டும் மறக்காம வாங்கிரு."

மேலே முக்கால் பக்கம் வெறுமையாக விட்டு, கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் கட்டம் போட்ட தாள்களைச் சுற்றுக்கு விட்டேன். சிவகங்கைக்காரி வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன டீச்சர், ஆடிட்டுக்கா?"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் அது புரியாமல் இல்லை. பையரின் ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்றால் கம்பெனிகளில் இரண்டு நாளைக்கு முன்பே ஃபைல் தயாராகும். நடக்காத கமிட்டிக் கூட்டத்துக்கு வெறும் தாளில் கையெழுத்து வாங்கி, மேலே பிறகு எழுதிக்கொள்வார்கள். கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாடமும் நடக்கும். இந்த ஊரில் வேலை செய்கிற எல்லாருக்கும் பழகிப்போன சங்கதி. ஆனாலும் என்னை அதில் சேர்த்துப் பேசியதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"கம்பெனியில நடக்கறது மாதிரி இல்ல இது. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் இதுல ஏறும். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

"கோவிச்சுக்காதீக டீச்சர், சும்மா சொன்னேன்" என்று சொல்லி முதலில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். தமிழில், குண்டு குண்டான எழுத்தில், கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டி.

பிறகு இரண்டு மணி நேரம் பேசினார்கள். வகுப்பு தமிழிலேயே இருக்க வேண்டும், பையரோடு பேசுமளவுக்கு இங்கிலீஷ் தனியாக வேண்டும், டிப்ளமோ வேண்டும், பெண்கள் தனியாகத் திரும்புவதால் மாலை ஐந்துக்குள் முடிய வேண்டும். ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. தனித் தாள்களில் டைப் செய்து, மேலே இன்னும் வெறுமையாகவே இருந்த கையெழுத்துத் தாள்களோடு சேர்த்து அக்காவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "எத்தனை தெளிவா பேசியிருக்காங்க பாரு" என்றார். கண்கூடக் கலங்கியதுபோல இருந்தது. அதை நம்பினேன் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன்பின் மூன்று மாதம் திட்டத்தோடு குடித்தனம் நடத்தினேன். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போடுவது, தொலைநோக்கு என்று ஒரு வாக்கியம் எழுதி அதில் 'உலகத்தரம்' என்ற சொல் எங்கே வரவேண்டும் என்று மூன்று கூட்டம் போடுவது, எல்லாம் நடந்தது. அந்தச் சொல்லுக்கு நான் தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டியிருப்பேன். முதல் இலக்கு பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு வரைவிலும் பார்த்துக்கொள்வேன். நான் கடைசியாகப் பார்த்த வரைவு வரைக்கும் இருந்தது. சிவகங்கைக்காரியிடம், "ஜூன்ல சேர்க்கை ஆரம்பிச்சுரும், பேரை முதல்ல போட்டுர்றேன்" என்று நானாகவே சொல்லிவிட்டேன்.

புத்தகம் வெளியான அன்று கலையரங்கில் விழா. நிர்வாகத்தினர் மேடையில் நின்று வெளியிட்டார்கள். எனக்கு ஒரு பிரதியும் சால்வையும் கிடைத்தன. இருக்கைக்குத் திரும்பிப் புரட்டினேன். முதல் இலக்கு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம். இரண்டாவது, தரவரிசையில் முன்னேற்றம். நான்காவதில் ஒரு வரி: பயன் குறைந்த பகுதிநேர வகுப்புகள் படிப்படியாக நிறுத்தப்படும். அது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புதான்.

பின்னிணைப்பில் இருந்ததுதான் கொடுமை. 'தொழில்துறையினர் கலந்தாய்வுக் கூட்டம்' என்று தலைப்பு. தமிழ்வழி ஞாயிறு வகுப்பு வேலைக்குப் பயன்படவில்லை என்று கலந்துகொண்டவர்கள் ஒருமனதாகக் கருதினார்களாம். அதை நிறுத்திவிட்டு முழுநேர ஆங்கிலவழிப் படிப்பு தொடங்கும்படி கேட்டுக்கொண்டார்களாம். அதற்குக் கீழே முப்பது கையெழுத்துக்கு மேல். முதலாவது, குண்டு குண்டான எழுத்தில், கட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு.

விழா முடிந்ததும் டைரக்டர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"என்னங்கக்கா இது?"

அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். "கோவப்படாதே கண்ணு. நானும் சண்டை போட்டுத்தான் பாத்தேன். ஞாயித்துக்கிழமை வர்றவங்க ரேங்க் ஃபாரத்துல எந்தக் கட்டத்துலயும் கணக்கு வர்றதில்ல. ரேங்குக்கு உதவாது. வேண்டாம்னு மேலே முடிவு பண்ணிட்டாங்க."

"சரி, மேலே வேண்டாம்னு சொன்னா மேலே வேண்டாம்னே எழுதியிருக்கலாமல்லங்கக்கா. அவங்க வாயில எதுக்குப் போட்டீங்க?"

திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பரீட்சைத் தாளில் மார்க்கை விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னார்: "அவங்களே வேண்டாம்னு சொன்ன மாதிரி இருந்தாத்தான் கேள்வி வராது."

அந்த மினிட்ஸை யார் டைப் செய்தது என்று கேட்டேன். அவரே தன் கையால் செய்திருக்கிறார், வேறு ஆளிடம் கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று. இந்தப் பதிலைக்கூடப் பாசமாகத்தான் சொன்னார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று பேச்சுக்குச் சொல்வோம். அறுத்த பிறகும் தலையைத் தடவிக் கொடுப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஜங்ஷனில் அவர் கார் என் பக்கத்தில் மெதுவாவதைப் பார்த்தால் திரும்பி நின்றுகொள்வேன். ஒரு வாரத்தில் மெதுவாவதும் நின்றுபோனது.

சிவகங்கைக்காரியிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று பத்து நாளைக் கடத்தினேன். பிறகு ஒரு நாள் நாலு மணி டீ இடைவேளைக்கு அவள் கம்பெனிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் போய் நின்றேன். வந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"தெரியும் டீச்சர்" என்றாள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

தொழில்துறை நண்பர்கள் என்று எங்கள் ஆட்கள் ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் புத்தகத்தை கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள். அவள் முதலாளிக்கும் போயிருக்கிறது. சாதாரணமாக அப்படி வருகிற புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை. இவர் பிரித்திருக்கிறார். தன் கம்பெனிப் பெயர் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தேடியவர் கண்ணில் இவள் கையெழுத்து பட்டிருக்கிறது. கூப்பிட்டு விட்டாராம்.

"'ஏம்மா, படிச்ச படிப்பு எதுக்கும் ஆகலைன்னு நீயே மொத ஆளா கையெழுத்துப் போட்டு வெச்சுருக்கற. அதையே கொண்டாந்து காட்டி எங்கிட்ட இன்சார்ஜ் வேலை கேக்கறயே'ன்னாரு. நான் அப்படிச் சொல்லலைங்கன்னேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டுனாரு. என் கையெழுத்துத்தானே, என்னத்தச் சொல்ல? இப்ப வெளிய இருந்து ஆள் எடுத்துட்டாக. திங்கக்கிழமை வர்றாராம்."

டீ வந்தது. இருவருமே எடுக்கவில்லை. நான் எழுதியது வேறு, மாற்றிவிட்டார்கள், என்னையும்தான் ஏமாற்றினார்கள் என்று கடகடவென்று சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். என்னை நம்பினாள் என்றே நினைக்கிறேன்.

"நான் வந்து உங்க முதலாளிகிட்டச் சொல்றேன்" என்றேன்.

"சொன்னா கேட்க மாட்டாரு டீச்சர். வாய்ப்பேச்செல்லாம் நம்புறவர் இல்ல. இது பொய்னு ஒரு லெட்டர்ல எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நம்புவாரு. திங்கக்கிழமைக்குள்ள குடுத்தாக்கூடப் போதும்." என் முகத்தைப் பார்த்தாள். "குடுத்தா உங்க வேலை போயிருமா?"

போகும். அக்காவே போக்குவார். போனால் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அதற்காகத்தான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதில் சொல்வதற்குள் கம்பெனியில் மணி அடித்துவிட்டது என்று எழுத ஆசைதான். மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.