மூன்றாவது கை

தங்கராசு அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி நம் செடிக் குழுவில் வந்தபோது, கொழிஞ்சாம்பாறையில் ஃபோன் பழுது பார்க்கும் என் கடையில் இருந்தேன். அவர் மகள் செல்வி எழுதியிருந்தாள்: "அப்பா இறந்துட்டாங்க. சாந்தன்பாறையில ஏலக்காட்டு ஓடையோரம் உட்கார்ந்தபடியே இருந்தாங்களாம். மாரடைப்புன்னு டாக்டர் சொன்னார்." அதற்குச் சற்று மேலே, யாரோ போட்ட கொடிச்செடிப் படத்துக்கு அவர் சொன்ன பதில் அப்படியே நின்றது: "இலையைத் திருப்பி எடுத்துப் போடுங்க தம்பி." சே, இதென்ன கொடுமை என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

நம் வேலை வெளியில் பலருக்குத் தெரியாது. காட்டுச்செடியைப் படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள்; தெரிந்தவர்கள் பேர் சொல்வோம். சம்பளம் கிடையாது, சண்டைக்கு மட்டும் குறைவில்லை. அண்ணன் சாந்தன்பாறை மலையில் ஜீப் ஓட்டுநர். சுற்றுலா வந்தவர்கள் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் புல்லில் குப்புறப் படுத்துச் செடியை எடுப்பார். ஒருமுறை நான் அவசரப்பட்டு ஒரு பேரைத் தட்டிவிட்டேன். உடனே அழைத்தார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுப்பா. செடி ஒண்ணும் கோவிச்சுக்காது."

அவரையே ஆட்டிவைத்தது ஒரு காசித்தும்பை. அந்த ஏலக்காட்டு ஓடைப்பாறையில் மட்டும்தான் கண்டார். பூவின் பின்பக்கத்து வாலைப் பார்க்காமல் இனம் சொல்ல முடியாது. தண்டைப் பிடித்தால் பூ கவிழும், பூவைத் தூக்கினால் தண்டு சாயும். "பின்னால காட்டுங்கண்ணா" என்று நாம் எல்லோரும் நச்சரித்தோம். "ஒரு கையில ஃபோனு, ஒரு கையில தண்டு. மூணாவது கைக்கு நான் எங்கிட்டுப் போக?" என்பார். யாரையாவது கூட்டிப்போங்கள் என்றால், ஆள் வந்தால் செடியை மிதித்துவிடுவான் என்று மறுப்பார். அங்கே தனியாகத்தான் போவார்.

அந்த இடத்தைப் பற்றி என்னிடம் ஒன்று சொன்னார். "அங்க குனிஞ்சா மேல நிழல் விழுதுப்பா. நிமிந்து பார்த்தா மரமும் இல்ல, மேகமும் இல்ல." பயமாக இல்லையா என்று கேட்டேன். "நிழல்தானே, குளுகுளுன்னு இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் செல்வி கடைக்கு வந்தாள். பக்கத்துச் சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். மழையில் நனைந்து செத்துப்போன ஃபோனை மேசையில் வைத்தாள்.

"சட்டைப்பையிலதான் இருந்துச்சுண்ணா. பை பட்டன்கூடப் போட்டிருந்துச்சு. கடைசி நேரத்துல அப்பா தனியாக் கிடந்து தவிச்சாங்களோன்னு நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது. அதுல என்ன இருக்குன்னு எடுத்துக் குடுங்க."

"அழாதீங்க அம்மிணி, பாத்துக்கலாங்க" என்றேன்.

ஃபோன் உயிர் பெற்றது. கடைசிப் படம் அந்தக் காசித்தும்பை. இளஞ்சிவப்புப் பூ, வளைந்த வால், அத்தனை தெளிவு. அடேயப்பா, கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். பிறகுதான் கைகளைப் பார்த்தேன். இடக்கை தண்டைப் பிடித்திருந்தது. வலக்கை பூவைத் தூக்கியிருந்தது. இரண்டும் அண்ணனின் கைகள். ஓரத்தில் அவர் காதும் நரைத்த கிருதாவும் தெரிந்தன. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ எட்டிப் பார்த்து எடுத்த படம் அது.

டைமர் வைத்திருப்பாரோ என்றால், ஃபோனை நிறுத்த இடம் வேண்டுமே. அவருக்குப் பின்னால் ஓடைத் தண்ணீர் மட்டும்தான். பட்டப்பகலில், ஆள் நடமாடும் கடைத்தெருவில், என் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

செல்வி படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏலத்தோட்டத்துல எல்லாரையும் கேட்டாச்சுண்ணா. அன்னைக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் போகலையாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரா இருந்தா என்ன? அப்பா தனியா இல்ல. எனக்கு அது போதும்." மறுநாள் அவள் கணவர் அழைத்து, வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள் என்றார்.

படத்தை வைத்து இனத்தை உறுதி செய்தோம், உங்களுக்குத் தெரியும். படம் எடுத்தவர் என்ற இடத்தில் அண்ணன் பேரை ஏன் போடவில்லை என்று உங்களில் பலர் கோபித்துக்கொண்டீர்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். காட்டில் தனியாகச் செடி முன் குனியும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். முன்பெல்லாம் பதறித் திரும்பிப் பார்ப்பேன். இப்போது திரும்புவதில்லை. கொஞ்சம் ஒதுங்கி, பின்னால் நிற்பவருக்கும் செடி தெரியும்படி இடம் விடுகிறேன்.