வாபஸ் ஞானமுத்து

என் அப்பா ஞானமுத்துவுக்குப் போடி ஏலக்காய் வியாபாரிகள் மத்தியில் 'வாபஸ்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஏலத்துக்கு வைத்த காய்க்கு வந்த விலை பிடிக்காவிட்டால் விற்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் எப்போதாவது செய்வதுதான். அப்பா அடிக்கடி செய்வார். காத்திருந்தால் நல்ல விலை வரும் என்று நம்புவார். பல முறை வந்தும் இருக்கிறது. அப்படி வந்த ஒரு நல்ல வருடத்தில்தான் என்னை மலைமேல் இருக்கும் சர்வதேசப் பள்ளியில் சேர்த்தார்.

ஆனால் வேண்டாம் என்று சொன்ன விலை அதோடு போய்விடும். அடுத்த ஏலத்தில் குறைவாகக் கேட்டால், போன வாரத்து விலையைத் தாருங்கள் என்று யாரிடமும் போய் நிற்க முடியாது. அதிலும் அப்பா நிறைய அடிபட்டிருக்கிறார்.

சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து காய் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் முன் வரிசைக்கு மணம் போகும். வாங்குபவரை அவர் முதலில் போனில் அழைத்ததே இல்லை. நாம் தவிக்கிறோம் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்பார்.

எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடக்கும் டிப்ளமோ தேர்வின் முடிவு இந்த ஜூலையில் வந்தது. மொத்தத்தில் ஒரு புள்ளி குறைந்து டிப்ளமோ கிடைக்கவில்லை. கணக்குதான் காலை வாரியது. ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரியில் பயிர் நோய்ப் படிப்புக்கு எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் பாதிச் செடிகள் அழுகல் நோயில் போன வருடத்திலிருந்து நான் படிக்க நினைத்தது அதைத்தான். பிப்ரவரியில் வகுப்பு. நவம்பரில் கணக்கை மட்டும் திரும்ப எழுதி டிப்ளமோ வாங்கிவிட்டால் இடம் நிற்கும். அதற்கு ஜூலை முடிவதற்குள் பள்ளி வழியாகப் பதிய வேண்டும். பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

"திரும்ப எழுதுனா பழைய மார்க் என்ன ஆகும்?" என்று அப்பா கேட்டார்.

"அது அப்படியே இருக்கும்ப்பா. ரெண்டுல எது கூடுதலோ அதை எடுத்துக்குவாக."

அப்பா சிரித்துவிட்டார். "பழசையும் வச்சுக்க, புதுசையும் பாரு, எது லாபமோ அதை எடுத்துக்கன்னு எவன் சொல்லுவான்? அவன் என்ன உனக்குத் தாய்மாமனா?"

"விதியே அப்படித்தான்ப்பா. போன்ல இருக்கு, பாருங்க."

"போன்ல என்னதான் இல்ல."

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அவ படிச்ச பள்ளிக்கூடம், அவளுக்குத் தெரியாதா? நீங்க அங்கன போயும் ஏலம் விடாதீக."

"கையில இருக்குற மார்க்கும் போயிருச்சுன்னா மதுரையில கூட ஒரு காலேஜ் இவளச் சேக்க மாட்டாக கிருபா. அப்ப என்ன செய்வ?"

அவர் பயம் உண்மையானது. என்னைத் தடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கேட்பதற்கு இவ்வளவு நன்றாக இருக்கும் ஒரு பேச்சை அவர் தொழிலில் நம்பியவர்கள் யாரும் பிழைத்ததில்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியின் கோஆர்டினேட்டர் சுபாஸ்ரீ மேடம் அப்பாவைப் போனில் அழைத்தார். நான் சொன்னதையே அவரும் சொன்னார்.

"பழைய மார்க் போகாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீகளா மேடம்?"

"விதி நான் போட்டதில்ல சார். ஆனா அதுல தெளிவா இருக்கு."

"அப்ப யோசிச்சுச் சொல்றோம்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தியா செல்வி, அவுகளே கூப்புடுறாக. அவசரம் அவுகளுக்கு. கடைசி நாள் வரட்டும், இன்னும் இறங்கி வருவாக."

கடைசி நாளில் கடையில் தராசுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நின்றேன்.

"நீங்க கூப்புடுங்கப்பா."

"கூப்புடுவாக ஆத்தா."

யாரும் அழைக்கவில்லை.

செப்டம்பரில் என் சான்றிதழ்களை வாங்கப் பள்ளிக்குப் போனோம். மேடத்தின் அறைக்கு வெளியே கம்பத்துத் திராட்சை விவசாயி ஜேசுராஜ் உட்கார்ந்திருந்தார். அவர் மகனுடைய டிப்ளமோவை வாங்க வந்திருந்தார். மகன் போன வருடம் தவறியதால் இந்த மே மாதம் இரண்டு பாடங்களைத் திரும்ப எழுதியவன். அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டுலயும் கூடிருச்சா?"

"எங்கண்ணே. கணக்குல கூடுச்சு, இயற்பியல்ல இருந்ததும் குறைஞ்சு போச்சு."

"அப்ப அந்தக் கொறஞ்சதத்தான போட்டிருப்பாக?"

"இல்லண்ணே, பழசுதான் இருக்கு. இந்தா பாருங்க." ஜேசுராஜ் தாளை நீட்டினார். "நானும் நம்பல. ஏமாத்துறாகன்னு சண்டை போட்டேன். பையனோட அம்மாதான் என்னைக் கேக்காமக் கையெழுத்துப் போட்டுட்டா."

அப்பா அந்தத் தாளைக் கையில் வாங்கினார். காயைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனதும், "இப்பப் பதிஞ்சா நவம்பருக்கு எழுதலாமா மேடம்?" என்று கேட்டார்.

"நவம்பருக்கு முடிஞ்சிருச்சு சார். மே மாசம் எழுதலாம். நவம்பருக்கு ஜூலையோட முடியும்னு அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீக" என்றார் அப்பா.

மே வரை இடத்தை வைத்திருக்க முடியாது என்று கல்லூரி ஏற்கெனவே எழுதியிருந்தது. அது அவருக்கும் தெரியும். மலை இறங்கினோம். பாதி வழியில் சட்டைப் பையிலிருந்து ஒரு காயை எடுத்து என்னிடம் கொடுத்தார். "அந்தம்மா மொதத் தடவ கூப்புட்டப்பவே..." என்று ஆரம்பித்தார்.  எனக்கும் கோபம் இருந்தது. காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

இப்போது அக்டோபர். டிப்ளமோ வாங்கி மறுபடி விண்ணப்பிக்க நான் எழுத இருக்கும் மே தேர்வுக்கான பதிவு இன்னும் தொடங்கவில்லை. தொடங்கியதும் தகவல் சொல்வதாக மேடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறந்ததும் அப்பா போனை எடுக்கிறார்.

"மேடம், போடியிலருந்து ஞானமுத்து பேசுறேன். பதிவு ஆரம்பிச்சிட்டாகளா?"

இன்னும் இல்லை என்று அங்கிருந்து பதில் வரும்.

"பரவால்ல மேடம். அடுத்த வாரமும் நானே கூப்புடுறேன்."