சீலின் உள்பக்கம்

காலையில் மோட்டார் சைக்கிளைத் தள்ளி எடுத்தபோது, அது நின்ற சீமெந்தில் உள்ளங்கை அளவு கறுப்பு. தொட்டு மணந்து பார்த்தேன். இஞ்சின் ஒயில். சங்கிலிப் பற்சக்கரத்துக்குப் பின்னால் ஒயிலை மறித்து நிற்கிற றப்பர் வளையம், சீல், தேய்ந்துவிட்டது. ரவுணுக்குப் போய்ப் புதியதொன்று வாங்கிவந்து, மடத்துவெளி வீட்டு முற்றத்திலேயே பூட்டினேன். பழையதை நெம்பி எடுத்து, குழியைத் துடைத்து, புதியதைச் சுற்றிவரச் சமமாகத் தட்டி இறக்கவேண்டும். அரை மணித்தியால வேலை. எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. எந்தப் பக்கம் உள்ளே போகவேண்டும் என்று கண்ணாடி போட்டுப் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, கடைசியில் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

“உதிலை இவ்வளவு பார்க்க என்ன கிடக்கு?” என்றாள்.

சவர்க்காரம் போட்டும் கையில் மணம் போகவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஒயில் மணத்துக்கு எனக்கு எப்போதும் அப்படித்தான். ஏனென்று அவளுக்கு நான் சொன்னதில்லை.

கலியாணத்துக்கு முன் நெடுந்தீவில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்காக இருந்தேன். மூன்று மாதம் இஞ்சின் திருத்தும் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழும் வாங்கியிருந்தேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன் என்றால், நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கு விளங்கும். கடைக்குப் பக்கத்து வீடு செபமாலை அண்ணை. கடற்றொழில். அவருடைய வள்ளத்து டீசல் இஞ்சின் ஒயில் ஒழுகத் தொடங்கியது. மெக்கானிக்கைக் கூப்பிடப் போனவரை நான்தான் மறித்தேன்.

“சீல் மாத்துறதுக்கு மெக்கானிக் என்னத்துக்கு அண்ணை? நான் பூட்டித்தாறன்.”

“உமக்கு ஏலுமோ?”

“ஓம்.”

இஞ்சினை அவர் வீட்டுக்குத் தூக்கிவந்து, பூவரச மர நிழலில் வைத்துப் பூட்டினேன். பிறகு வள்ளத்தில் ஏற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். சொட்டு ஒயில் தெரியவில்லை. அவருடைய அம்மா எனக்குக் கணவாய்க் கறியும் புட்டும் தந்தா.

இரண்டாம் நாள் விடிய அந்த அம்மாவுக்கு நெஞ்சு நோவு. தீவு ஆசுப்பத்திரியில் யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். வள்ளத்தில் நானும் ஏறினேன். பாதிக் கடலில் எரிந்த ஒயில் மணம் வந்தது. இஞ்சின் இறுகி நின்றது. நங்கூரம் போட்டுவிட்டு, உதவிக்கு இடுப்புச் சாரத்தைக் கழற்றி வீசிக் காட்டினோம். வேறு வள்ளமொன்று வந்து கட்டி இழுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. அந்த நேரத்திலும் அம்மா தன் பக்கத்தில் இடம் காட்டினா.

“தம்பி, வெயிலுக்கை நில்லாதையும். இதிலை வந்து இரும்.”

குறிகட்டுவான் துறையில் அம்மாவைத் தூக்கியபோது உயிர் இல்லை.

செத்தவீடு முடிந்தபின் இஞ்சினைக் கழற்றியது நான். சீலின் ஒரு பக்கத்தில் மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். அது ஒயில் இருக்கிற உள்பக்கம் பார்க்கவேண்டும். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைத் திருப்பிப் பூட்டியிருந்தேன். ஒயிலெல்லாம் அதாலேயே ஒழுகிப் போயிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சீலைக் கடலில் எறிந்தேன்.

“என்ன பிழையாம்?” என்று செபமாலை அண்ணை கேட்டார்.

“சீல் சரியில்லை அண்ணை. கூடாத சாமான்.”

அந்த வாரமே சீல் விற்ற கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் வயதான மனிதர். ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, “உம்மடை சாமானாலை என்ர அம்மா செத்துப்போனா” என்றார் அண்ணை.

“நான் நல்ல சாமான்தான் தந்தனான். பூட்டினது ஆர்?”

“இவர். படிச்சவர்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி அடுத்த ஆளுக்குச் சாமான் நிறுக்கத் தொடங்கினார். எல்லாம் விளங்கியிருக்கும் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

அண்ணை பிறகு குடும்பத்தோடு வெளிநாடு போனார். பயணம் சொல்ல வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்டைக்கு நீர் கூட வந்தனீர். அதை மறக்கேலாது.”

“ஓம் அண்ணை” என்றேன்.

அந்தச் சாமான் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். நெடுந்தீவில் அண்ணையின் வீட்டுக்குக் கூரையில்லை. உள்ளே மாடுகள் படுக்கின்றன. இன்று மத்தியானம் சாப்பிடாமல் எழுந்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருடைய தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். மகள் கதைத்தாள்.

“அப்பா காலமாகி மூண்டு மாசம் மாமா. உங்களைப் பற்றி நெடுகக் கதைப்பார். ஏதும் சொல்ல எடுத்தனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை” என்றேன். “சும்மாதான்.”