அக்குறணைக் குளிரறையில் உறைந்த கடல்

கடலைப் படித்தவளுக்குக் கண்டியில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். குளிர்நாடொன்றில் கடல்நீர் உறைவதைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்று, கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகம் படிப்பிக்க வந்தேன். துருவக் கடல் உறையும்போது உப்பு முழுவதும் பனிக்குள் தங்கிவிடுவதில்லை. பெரும்பகுதி கீழே கசிந்து, அங்குள்ள நீரைக் கனமாக்கி, ஆழத்துக்கு இறக்குகிறது. உலகக் கடல்களின் நீரோட்டங்களில் அதற்குப் பெரிய பங்குண்டு. எவ்வளவு உப்பு எப்போது இறங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

"கண்டியில ஐஸ் பலூடாவிலதான் கிடக்கு" என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆய்வை மூட்டை கட்டி வைத்துவிட்டதாகவே அப்போது நினைத்திருந்தேன்.

எண்பத்து மூன்று ஆடியில் தமிழருக்கெதிரான கலவரம் கண்டிக்கும் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் என் மாணவி ஒருத்தியின் வாப்பா. முஸ்லிம்கள் நிறைந்த அக்குறணையில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்தவர்.

"மிஸ், சாமான் ஒண்டும் எடுக்க வாணாம். ஏறுங்க. எங்கட ஊட்டுல ஒத்தரும் தொட ஏலாது."

ஏறினேன். அன்று பின்னேரமே என் வீடு எரிந்தது. புத்தகங்கள், அளவுக் குறிப்புகள், அம்மா தந்த தையல் மெசின், எல்லாம் போயின. அந்தக் குடும்பம் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மாணவி வந்து கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போவாள்.

சும்மா இருந்தால் எரிந்த வீடே கண்ணில் நின்றது. ஒருநாள் அவளோடு தொழிற்சாலையைப் பார்க்கப் போனேன். மீன் பெட்டிகள் அடுக்கிய குளிரறைக்குள் கால் வைத்ததும் பல வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பழைய குளிர் மூக்கில் ஏறியது. வெளியே வந்து, யோசிக்காமல் அவளுடைய வாப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

"இதுக்குள்ள கொஞ்சம் கடல்தண்ணியை உறைய வைச்சுப் பாக்கலாமோ?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "உள்ளுக்கு ஒரு மூலை சும்மாதான் ஈக்கி. எடுத்துக்கோங்க மிஸ்" என்றார்.

கண்ணாடி மீன்தொட்டி ஒன்று வாங்கினோம். பக்கங்களுக்கும் அடிக்கும் தென்னந்தும்பும் மரத்தூளும் கட்டி, பார்ப்பதற்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டோம். அப்படிச் செய்தால்தான் கடலைப்போல மேலிருந்து கீழாக உறையும். நீர்கொழும்பிலிருந்து மீன் ஏற்றி வரும் லொறியில் கடல்தண்ணீரும் வந்தது. சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் கேன்களைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டு நக்கிப் பார்த்து, "லுணு வத்துர!" என்று காறித் துப்பினானாம். உப்புத் தண்ணீரை இவ்வளவு தூரம் சுமக்கும் பைத்தியம் யாரென்று கேட்டு, சிரித்து அனுப்பிவிட்டான் என்று சாரதி வந்து சொன்னார்.

முதல் தடவை தண்ணீரில் கொஞ்சம் நீல மை கலந்தோம். மேலே பனி தடிக்கத் தடிக்க, அதன் அடியிலிருந்து உப்புநீர் நீல நூல்களாக இறங்கியது. மாணவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் கனடாவிலிருந்து தம்பி தொலைபேசியில் வந்தான்.

"அக்கா, வீடும் போச்சு. இன்னும் அங்க என்னத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? வெளிக்கிடுங்கோ."

"ஓம், வாறன். ஒரு தொட்டி உறைஞ்சுகொண்டு கிடக்கு. அது முடியட்டும்."

"என்ன தொட்டி?"

விளக்கினேன். அந்தத் தொட்டி முடிந்தபோது இன்னொன்று உறைய ஆரம்பித்திருந்தது. நான் போகவில்லை.

பிறகு ஊரடங்கும் மின்வெட்டும் நிறைந்த வருஷங்கள் வந்தன. படிப்பு முடித்த மாணவி என்னோடு உதவி ஆய்வாளராகச் சேர்ந்திருந்தாள். ஒருமுறை நாள்கணக்காக மின்சாரம் இல்லை.

"மிஸ், கரண்ட் போய்ட்டு! எல்லாம் பாழ்" என்று அழுகிற குரலில் சொன்னாள்.

"பொறும். அளக்கிறதை நிப்பாட்டாதையும்" என்றேன். வேறு வழி தெரியாமல்தான் சொன்னேன்.

பனி மெல்லச் சூடேறியது. உள்ளே அடைபட்டிருந்த உப்புநீர் திடீரென வழி கண்டு மொத்தமாக இறங்கியது. மின்சாரம் திரும்பி மறுபடி உறைந்தபோது அது முந்திய பனியாக இல்லை. உப்பு மிகவும் குறைந்திருந்தது. வசந்தத்தில் துருவப் பனிக்கு நேர்வதும் இதுதான். நான் பழகிய ஆய்வுகூடங்களில் குளிரை ஒரே அளவில் வைத்திருப்பதே பெருமை. அதனால் இந்த இறக்கத்தை யாரும் நிதானமாக அளந்திருக்கவில்லை. மின்வெட்டு எங்களை அளக்க வைத்தது. கட்டுரை வெளியானது. பல காலம் அதைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை.

சமாதானப் பேச்சு நடந்த நாட்களில், துருவக் கடலாய்வாளர் ஒருத்தி வெளிநாட்டிலிருந்து என்னைத் தேடி வந்தாள். பனி உருகும் காலத்தைக் கணிக்க அவர்கள் என் அளவுகளைத்தான் பயன்படுத்தினார்களாம். கப்பலில் போய் அளந்தபோது கணக்குப் பொருந்தியதாம். ஆய்வுகூடத்தைக் காட்டச் சொன்னாள். அக்குறணைக்குக் கூட்டிப் போனேன். மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வயதாகியிருந்த வாப்பா மகளிடம் கேட்டார்: "எங்கட கரண்ட் கட்டுக்கா அங்க இவ்வளவு மதிப்பு?"

"ஓ வாப்பா. அதுக்குத்தான்."

அடுத்த வருஷம் என்னையும் என் மாணவியையும் தென்துருவக் கடலுக்கு அழைத்தார்கள். போனோம். மிதக்கும் பனிமேல் இறங்கி, நான் துளையிட, அவள் வெப்பமும் உப்பும் அளந்தாள். மேலடுக்குகள் எல்லாம் எங்கள் கணக்குப்படியே இருந்தன. அடியில் மட்டும் பொருந்தவில்லை. அவள் திரும்பவும் அளந்து பார்த்தாள். அதே விடை. காற்றில் முகம் விறைத்திருந்தாலும், அடுத்த கேள்வி கிடைத்துவிட்டதென்று இருவருக்கும் சிரிப்பு வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க நீண்ட காலம் எடுத்தது. அதை விளக்கிய கட்டுரையில் அவள் பெயர் முதலாவது.