சமையலறைச் சுவர்

துணிக்கடையில் அவளுக்குப் பெயர் போர்வையக்கா. போர்வை, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அவள் பொறுப்பு. காலையில் வந்து நின்றால் கடை சாத்தும்வரை உட்காரக் கூடாது. முதலாளியின் சட்டம் அது. "எங்க ரூம் சுவர் இளம்பச்சை, அதுக்குத் தோதா எடுங்க" என்பார்கள் வருகிறவர்கள். எடுத்து விரித்துக் காட்டியபடியே அவள் மனசுக்குள் தனக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருப்பாள். அதில் சமையலறைக்கு ஜன்னல் இருக்கும்.

குடியிருந்த வீட்டின் சமையலறையோ பகலிலும் இருட்டு. மழை வந்தால் கூரை ஒழுகும். சுவரில் சாய்ந்தால் ஈரச் சுண்ணாம்பு முதுகில் ஒட்டிக்கொள்ளும். மாமனார் கட்டிய வீடு. அவர் போன பிறகு ஒரு செங்கல்கூட அதில் ஏறவில்லை.

புருஷன் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோய் முதலில் கால்விரலைத் தொட்டுப் பார்த்தது, அப்புறம் கண்ணுக்கு ஏறிவிட்டது. பார்வை முழுசாகப் போன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். "இப்ப வீட்டம்மாதான் ஸ்டியரிங், நான் ஸ்டெப்னி" என்று அவரே சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

அந்த வருஷ மழையில் கூடத்துக் கூரையிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை. மறுநாள் மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்கம்மா. இதுக்கு ஒட்டுப் போடுறது கிழிஞ்ச சட்டைக்குப் பொத்தான் தைக்கிற மாதிரி."

அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆனால் டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இடிக்க வேண்டாம். பழுது மட்டும் பாருங்க."

மேஸ்திரி போனதும் அவள் பொரிந்தாள். "ஏங்க, தலையில விழுந்திருந்தா? ஒரு தடவையாவது நான் சொல்றதக் கேளுங்களேன்!"

அவர் வாதாடவில்லை. விறுவிறுவென்று கூடத்தைக் கடந்து, சமையலறைச் சுவரின் உடைந்த முனையைத் தொட்டுத் திரும்பி, தரைப் பள்ளத்தில் கால் வைத்து, அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்.

"வெளியில நான் குருடன். இங்க மட்டும்தான் இல்ல. அதையும் இடிச்சிடாத."

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். பழுது பார்ப்பது என்று முடிவாயிற்று.

வேலை நடந்த நாட்களில் அடுத்த தெருவில் ஒற்றை அறை ஒன்றில் இருந்தார்கள். அங்கே அவர் கட்டிலை விட்டு அசையவில்லை. "எப்ப முடியுமாம்?" என்பதைத் தவிர அவரிடம் பேச்சில்லை.

ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பூச்சை உரித்தால் சமையலறைச் சுவர் உள்ளுக்குள் மாவாக உதிர்கிறதாம், அது நிற்காதாம். உத்திரம் போட்டுக் கூரையைத் தாங்கிவிட்டு, சுவரை எடுத்துவிடலாம், தரையையும் மட்டம் செய்துவிடலாம் என்றார் மேஸ்திரி.

"சுவர் போயிட்டா வெளிச்சம் நல்லா வரும்மா. பின்பக்கம் ஒரு ஜன்னலும் வச்சிரலாம். என்ன சொல்றீங்க?"

அவள் கையில் பாதி மடித்த விரிப்பு இருந்தது. வேறு வழியில்லை என்பது நிஜம்தான். ஜன்னல் என்ற சொல் காதில் இனித்ததும் நிஜம்தான்.

"செய்ங்க" என்றாள்.

அன்று இரவு சொல்லிவிட நினைத்தாள். அவர் தூங்குவதுபோல் தெரிந்தது. மறுநாளும் சொல்லவில்லை. பள்ளம் போனால் தடுக்கி விழாமல் இருப்பாரே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீடு திரும்பிய அன்று அவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு தெளிவு. வாசலில் கோலைச் சாத்தி வைத்துவிட்டு, அவள் கையையும் விலக்கிவிட்டு உள்ளே நடந்தார். பழைய வேகம். நடுக்கூடம் தாண்டிக் கை நீண்டது. சுவர் முனை இல்லை. இன்னும் எட்டினார், காற்றுதான் அகப்பட்டது. கால் பள்ளத்தைத் தேடித் தேடித் தரையைத் தடவியது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நடுத்தெருவில் நிற்பவர்போல் நின்றுவிட்டார்.

"இது யார் வீடு?"

அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். உதிர்ந்த சுவரைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலைப் பற்றியும் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார், மெதுவாக. "புது வீட்டுக்குப் போறேன்னு நெனச்சே வந்திருப்பேன்."

அதற்கப்புறம் அவர் சத்தம் போடவில்லை, குறையும் சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது. படுக்கையறை மட்டும் மாறாமல் இருந்தது, அதோடு நின்றுகொண்டார். அவள் கடைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டை அங்கேயே மூடி வைத்துவிட்டுப் போவாள். குளியலறைக்குப் போகும் வழியை மட்டும் சுவரோரமாகக் கற்றுக்கொண்டார்.

வீட்டைப் பார்க்க எதிர்வீட்டுக்காரி வந்தாள். வெயில் விழுந்த சமையல் மேடையைத் தடவிப் பார்த்து அங்கலாய்த்தாள்.

"நாங்களும் இடிக்கலாமா, பழுது பாக்கலாமான்னு மண்டையை உடைச்சுக்கறோம். உனக்கு எப்படி, திருப்தியா?"

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"ஒழுகறது நின்னுடுச்சு" என்றாள் போர்வையக்கா.