ரத்தம் உறையாத குழாய்

சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். டயாலிசிஸ் குழாய்க்குள் ரத்தம் ஒட்டி உறையாமலிருக்க ஒரு பூச்சு தயாரித்திருந்தேன். சோதிக்கப் புது ரத்தம் வேண்டும். கடலூரில் மீன்பிடிக்கும் என் மனைவியின் அண்ணன் பஸ் ஏறி வந்து கையை நீட்டினார்.

நர்ஸ் ஊசி குத்தினார். சிரிஞ்சில் சிவப்பாக ஏறியதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. விழித்தபோது மச்சான் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ரத்தத்தப் பாத்தா மயங்குற ஆளு, ரத்தத்துலயே டாக்டர் பட்டமா மாப்ள?"

நான் கிடந்த நேரத்தில் கூடப் படிப்பவள் சோதனையை முடித்திருந்தாள். சாதாரணக் குழாயில் ரத்தம் கட்டிப்போயிருந்தது. என் பூச்சு தடவிய குழாயில் தங்காமல் ஓடியது. சந்தோஷத்தில் குனிந்து உற்றுப் பார்த்தேன். மச்சான் அவசரமாக எனக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.