தண்ணீர் வரும் பக்கம் மேலே

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு ஆட்சிகள் சண்டையில்லாமல் குடியிருந்தன. ஒரு ஆட்சி கொடுத்த கலர் டிவி. அடுத்த ஆட்சி, மகள் பிளஸ் டூ படிக்கும்போது கொடுத்த லேப்டாப். ஆயுத பூஜையன்று மண்வெட்டிக்கு முன்னால் லேப்டாப்புக்குத்தான் குங்குமம். மற்ற நாட்களில் என் கல்யாணப் பட்டுத்துண்டில் சுருண்டு தூங்கும்.

மன்னார்குடிக்குக் கிழக்கே, மாமனார் செங்கொடி பிடித்துப் போராடி வாங்கிய வயல் எங்களுடையது. அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றும் தயார். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைத்தான் காணோம். கோடையில் மேல்வயல் மிராசுதார் அதைத் தூர்த்துத் தன் வயலோடு உழுதுவிட்டிருந்தார்.

"வாய்க்காலா? அப்படி ஒண்ணு எந்தக் காலத்துலப்பா இருந்துச்சு?" என்று கடைத்தெருவில் சிரித்தார். நாற்று முற்றினால் அந்தப் போகம் போச்சு.

"வானத்துலேருந்து எடுத்த படம் இருக்குப்பா. ஆனா பழசு, நம்ம புதுத் தண்ணி டேங்கையே காணோம்" என்றாள், லேப்டாப்பில் மேப்பைத் திறந்த மகள்.

"பழசா?" என் கணவர் எழுந்தேவிட்டார். "பழசுதான் வேணும்!"

ஊர்க்காரர்களையும் மிராசுதாரையும் கையோடு கூட்டிவந்தார். திரையில் பச்சைப் பச்சையாக ஏதோ கிடந்தது. ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"இது நம்ம ஊரே இல்ல" என்று துண்டை உதறினார் மிராசுதார்.

என் கணவர் குனிந்து பார்த்தார். "ஆறு ஏன் குறுக்கால படுத்துக் கெடக்கு?"

"மேலே வடக்குப்பா. மேப் அப்படித்தான்."

"யார் வச்ச சட்டம்? தண்ணி வர்ற பக்கம்தான் மேல இருக்கணும்!"

லேப்டாப்பைத் தூக்கி, விரித்த புத்தகம் போல் நிமிர்த்தி, டிவியில் சாய்த்துவிட்டார். "அப்பா, ஒடஞ்சிடும்!" என்ற அலறலை யார் கேட்டார்கள்? மேற்கு மேலேறியது. ஆறு உச்சியிலிருந்து இறங்கியது. ஊர் மொத்தமும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"அந்தா நம்ம களம்!" "எங்க புளியமரம்டா!"

மிராசுதாருக்கும் தாங்கவில்லை. முண்டியடித்து வந்து விரலை வைத்தார். "என் மோட்டார் கொட்டகை! ஓடு மாத்துறதுக்கு முன்னாடி எடுத்துருக்கான்!"

"அதை ஒட்டி எங்க வயல் வரைக்கும் ஒரு கோடு எறங்குதே, அது என்னங்க?" என்றேன்.

விரல் திரையிலேயே நின்றது. கூட்டத்தில் ஒரு குரல்: "சொல்லுங்க, உங்களுக்கே தெரியாததா?"

"வெட்டிக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

தெருவே மண்வெட்டியோடு இறங்கியது. மறுநாள் நுரையும் வைக்கோலுமாய், புழுதியை நக்கிக்கொண்டு வந்தது தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடைவாயில் நின்றேன். கணுக்காலில் அது மோதியபோது நான் போட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும்.

வரப்பில் நின்று என் கணவர் கத்தினார். "ஏம்மா, அந்தப் பொட்டியக் கொண்டா!"

பட்டுத்துண்டோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் மகள். வாங்கி, மூடியைத் திறந்து, திரையை வாய்க்கால் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"பாத்துக்க" என்றார் அதனிடம். "நல்லாப் பாத்துக்க."